ராபர்ட் ஹோமும் வேலூர்க் கோட்டைக்கு வந்த பிள்ளைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிறு காலைகளில் மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துப்போய் அகழிக்கரையில் உட்காரவைத்து வரையச் சொல்வேன். அப்போது பையிலிருந்து ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதியை எடுத்துக் காட்டுவேன். ஆங்கிலேயத் தளபதி ஒருவர் கூடாரத்துக்கு முன்னால் நின்று இரண்டு சிறுவர்களை வரவேற்கிற காட்சி அது. வரைந்தவர் ராபர்ட் ஹோம். அந்தப் படத்தைப் பார்த்ததும் பிள்ளைகளும், கூட வரும் பெற்றோரும், பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

“சார், வரலாற்று ஓவியர்னா யாரு? சரித்திரக் கதைக்குப் படம் போடுறவரா?”

சரித்திரத் தொடர்கதைகளுக்குப் படம் போட்டவர்களையும் அந்த வம்சத்தில் சேர்க்கலாம், தப்பில்லை. ஆனால் ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு இருந்தது. ஓவிய வகைகளுக்கே அங்கே ஒரு வரிசை வைத்திருந்தார்கள். பழம், பூ, பாத்திரம் வரைவது கடைசிப் படி. நிலக்காட்சியும் உருவப்படமும் அதற்கு மேலே. எல்லாவற்றுக்கும் உச்சியில் வரலாற்று ஓவியம். புராணக் காட்சி, விவிலியக் காட்சி, போர்க்களம், ஒரு வீரனின் சாவு எல்லாம் இந்த வகையில் வரும்.

அதற்குக் காரணமும் உண்டு. முகம் மட்டும் வரையத் தெரிந்தால் இந்த வேலை நடக்காது. பல உடல்கள், குதிரை, யானை, துணி மடிப்பு, கட்டடம், வானம் எல்லாம் கைவர வேண்டும். ஒரு சம்பவத்தில் ஆயிரம் நொடிகள் இருக்கும், அதில் எந்த ஒரு நொடியைப் பிடிப்பது என்கிற புத்தியும் வேண்டும். என்னைக் கேட்டால் அந்தக் கடைசித் திறமைதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

“இந்த ராபர்ட் ஹோம் எந்த ஊர்க்காரர்? யாரிடம் கற்றுக்கொண்டார்?”

1752-இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் அறுவை மருத்துவர். அக்கா ஆன் கவிதை எழுதுவார். இசைமேதை ஹைடன் அவருடைய பாடல்களுக்கு மெட்டமைத்திருக்கிறார். அந்த அக்காவைக் கட்டியவர் ஜான் ஹண்டர், அறுவை மருத்துவ வரலாற்றின் பெரிய பெயர்களில் ஒருவர். தம்பி எவரார்டும் அதே தொழிலில் புகழ் பெற்றார். வேலூர் மாதிரி ஆஸ்பத்திரி ஊரில் இதைச் சொன்னால் உடனே ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. டாக்டர் வீட்டுப் பிள்ளை படம் வரையப் போனால் எப்படியிருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

லண்டனில் ஏஞ்சலிகா காஃப்மனிடம் பயின்றார். 1768-இல் ராயல் அகாடமி தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் பெண்கள் இரண்டே பேர், அவர்களில் ஒருவர் காஃப்மன். அவரே வரலாற்று ஓவியர். அதன் பிறகு ஹோம் ரோமுக்குப் போய்ப் படித்தார். டப்ளினில் சில வருடங்கள் உருவப்படம் வரைந்து பிழைத்தார். 1791 தொடக்கத்தில் சென்னையில் வந்து இறங்கினார். அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

“இங்கிலாந்துக்காரருக்கும் நம்ம வேலூருக்கும் இன்னா சம்பந்தம்?”

இரண்டு சம்பந்தம் இருக்கிறது. ஒன்று, அவர் பின்தொடர்ந்த படை. திப்பு சுல்தானுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 பிப்ரவரியில் கம்பெனியின் தலைமை ஆளுநரும் தளபதியுமான காரன்வாலிஸ் தன் படையோடு வேலூருக்கு வந்தார். இங்கிருந்து ஆம்பூர் வழியாகத்தான் மேலே ஏறுவார் என்று திப்பு எதிர்பார்த்தார். காரன்வாலிஸ் அந்தப் பக்கம் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, படையை வடக்கே சித்தூர்ப் பக்கம் திருப்பி மொகிலி கணவாய் வழியாக மைசூர் மேட்டுநிலத்தில் ஏறிவிட்டார். இன்று மொகிலி ஆந்திராவில் இருக்கிறது. 1911 வரை சித்தூரே வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் என்பதால், அதை நம் பழைய மாவட்டக் கதை என்றே சொல்வேன்.

ஹோம் அந்தப் படையோடு இருந்து வரைய அனுமதி வாங்கினார். பெங்களூர், சாவனதுர்க்கம், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று போகிற இடமெல்லாம் கோட்டைகளையும் மலைகளையும் வரைந்தார். 1794-இல் லண்டனில் அந்தக் காட்சிகள் 29 செப்புத்தகட்டு அச்சுகளோடு புத்தகமாக வந்தன. இரண்டாவது சம்பந்தம் படத்தில் நிற்கும் அந்த இரண்டு பிள்ளைகள். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

“படத்துல இருக்கிற ரெண்டு பசங்க யாரு? ஏன் வெள்ளைக்காரர்கிட்ட போறாங்க?”

திப்பு சுல்தானின் மகன்கள். இந்த இருவரில் மூத்தவர் அப்துல் காலிக், வயது பத்து. இளையவர் மொய்சுதீன், வயது எட்டு. 1792 தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையில் சிக்கியதும் திப்பு சமாதானத்துக்கு இறங்கி வந்தார். பாதி நாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், அதுவரை மகன்கள் இருவரைப் பிணையாகத் தர வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிக் கைமாறிய பாராமகால் பகுதியில் நம் திருப்பத்தூரும் அடக்கம்.

1792 பிப்ரவரி 26 அன்று பிள்ளைகள் யானைமேல் வந்தார்கள். அங்கிருந்த ஆங்கில அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்: நீளமான வெள்ளை மஸ்லின் அங்கி, சிவப்புத் தலைப்பாகை, கழுத்தில் பல சரம் முத்து. காரன்வாலிஸ் தன் கூடார வாசலுக்கே வந்து அவர்களைக் கட்டியணைத்து, ஆளுக்கொரு கையாகப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். இன்று காலைவரை இவர்கள் சுல்தானின் பிள்ளைகள், இனி காரன்வாலிஸைத்தான் தகப்பனாகப் பார்க்க வேண்டும் என்று திப்புவின் தூதர் குலாம் அலி சொன்னார். காரன்வாலிஸ் இருவருக்கும் ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார்.

அந்தக் கடிகாரத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு கையில் பொம்மை கொடுப்பதுபோலக் கடிகாரம் கொடுக்கிறார்கள். மறு கையால் அவனுடைய அப்பாவின் நாட்டில் பாதியை எடுத்துக்கொள்கிறார்கள்.

“இதை அவர் நேர்ல பார்த்து வரைஞ்சாரா, கேள்விப்பட்டு வரைஞ்சாரா?”

நேரில் பார்த்தவர். அதற்குச் சாட்சி படத்திலேயே இருக்கிறது: கூட்டத்தின் ஓரத்தில், வரைதாள் வைக்கும் அட்டை உறையோடு தன்னையும் வரைந்து நிறுத்தியிருக்கிறார். மாணவர்களை முதலில் அவரைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். கண்டுபிடித்ததும் அவர்களுக்கு வரும் உற்சாகத்தைப் பார்க்க வேண்டும்!

“நான் இங்கே இருந்தேன்” என்று சொல்லும் கையெழுத்து அது. அதோடு தான் எந்தப் பக்கம் நின்று பார்த்தோம் என்பதையும் அவர் தெரியாமலே ஒப்புக்கொண்டுவிட்டார். அவர் நிற்பது கம்பெனிப் படையின் பக்கம்.

“கேமரா இல்லாத காலத்துல, இவ்வளவு கூட்டத்தை எப்படி ஞாபகம் வச்சு வரைஞ்சாங்க?”

ஞாபகத்தை நம்பி வரையவில்லை, குறிப்புகளை நம்பி வரைந்தார்கள். சம்பவ இடத்தில் கூடாரம், மலை, யானைகள் நிற்கும் வரிசை எல்லாவற்றையும் பென்சிலிலோ நீர்வண்ணத்திலோ வேகமாகப் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு அதில் வர வேண்டிய அதிகாரிகளைத் தனித்தனியாக உட்காரவைத்து முகம் எடுப்பார்கள். உடுப்பு, வாள், தலைப்பாகை ஆகியவற்றை இரவல் வாங்கிவந்து பார்த்து வரைவதும் உண்டு. எல்லாம் சேர்ந்தபின்தான் பெரிய கித்தானில் எண்ணெய் வண்ணம் ஏறும்.

ஆகவே வரலாற்று ஓவியம் ஒரே நொடியைக் காட்டினாலும் அந்த நொடி பல மாதங்களில் தைத்துச் சேர்த்தது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு முகங்கள் வேறு வேறு நாளில், வேறு வேறு அறையில் உட்கார்ந்தவையாக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு அதிகாரியும் ஏன் அவ்வளவு தெளிவாக நம் பக்கம் முகம் காட்டுகிறார் என்பது புரிந்துவிடும்.

“அப்படின்னா படம் பொய்யா?”

பொய் இல்லை. பிணை கொடுத்தது உண்மை, யானை உண்மை, காரன்வாலிஸ் கைபிடித்ததும் உண்மை. ஆனால் நிபந்தனைகளைப் பேசிய நாட்கள், முற்றுகைக்குள் இருந்த ஊர், பிள்ளைகளை அனுப்பிவிட்டு அந்தப்புரத்தில் இருந்தவர்கள் ஆகிய எதுவும் படத்தில் இல்லை. முதல் பதிலில் சொன்னேனே, எந்த நொடியைப் பிடிப்பது என்பதுதான் திறமை என்று. அதிகாரமும் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது. ஒரு போர் முழுவதிலிருந்தும் “தகப்பனைப்போல் அணைத்த தளபதி” என்கிற நொடியைத் தேர்ந்தெடுத்தால், வென்றவன் கருணைமிக்கவன் என்று படம் தானாகவே பேசிவிடும்.

இங்கிலாந்தில் இந்தக் காட்சிக்குப் பெரிய கிராக்கி இருந்தது. பத்து வருடங்களுக்கு முன்புதான் அமெரிக்காவில் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்தவர் காரன்வாலிஸ். அவரே இங்கே வென்றவராக நிற்கும் படத்தை அந்த நாட்டு மக்கள் விரும்பியது இயற்கை. இந்தியாவுக்கே வராத மேதர் பிரவுன் என்பவரும் லண்டனில் உட்கார்ந்து இதே காட்சியை வரைந்தார். ஹோம் தன் படத்தை 1797-இல் ராயல் அகாடமியில் வைத்தார்.

“அவர் வரைஞ்ச வேற போர்ப் படம் இருக்கா?”

இருக்கிறது. 1791 மார்ச் 7 அன்று பெங்களூர்ப் பேட்டையைத் தாக்கியபோது இறந்த கர்னல் மூர்ஹவுஸின் மரணம். சாய்ந்து கிடப்பவரைச் சுற்றி மற்றவர்கள் தாங்கிப் பிடித்திருப்பார்கள். இந்த அமைப்பு ஹோமின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. 1770-இல் பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த ஜெனரல் வுல்ஃபின் மரணம் இந்த வகைக்கு வழிகாட்டி, அதற்கும் பின்னால் சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவைச் சுற்றி அழுகிறவர்களின் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. வெஸ்டின் படத்தில் வுல்ஃபைச் சூழ்ந்து நிற்பவர்களில் பலர் அந்த இடத்தில் இல்லாதவர்கள்.

என் மாணவர்களில் சிலருக்கு இந்தப் படந்தான் அதிகம் பிடிக்கிறது. எனக்குப் பிணைப்பிள்ளைகள் படம்தான். மூர்ஹவுஸ் படத்தில் எல்லோரும் தங்கள் வேடத்தைச் சரியாகச் செய்கிறார்கள். பிள்ளைகளுக்கு வேடம் போடத் தெரியாது.

“திப்பு செத்ததையும் இவரா வரைஞ்சாரு?”

இல்லை. 1799 மே 4 அன்று திப்பு விழுந்தபோது ஹோம் கல்கத்தாவில் இருந்தார். அந்த முற்றுகையை வரைந்தவர்கள் நிறைய. ராபர்ட் கெர் போர்ட்டர் 1800-இல் லண்டனில் ஒரு பிரம்மாண்டச் சுற்றோவியமாகவே காட்டினார். ஹென்றி சிங்கிள்டன் கடைசிச் சண்டையை வரைந்தார். 1839-இல் டேவிட் வில்கி, தீப்பந்த வெளிச்சத்தில் ஜெனரல் பேர்டு திப்புவின் உடலைக் கண்டெடுப்பதை வரைந்தார். பேர்டின் காலடியில் ஒரு நிலவறைக் கம்பி தெரியும், அவரே முன்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்ததைச் சொல்ல வைத்தது. கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் வில்கி இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. சென்னையில் இருந்த டாமஸ் ஹிக்கி, திப்புவின் மகன்களை உட்காரவைத்து உருவப்படங்கள் வரைந்தார்.

“நம்ம பக்கத்துல யாரும் போர்ப் படம் வரையலையா?”

வரைந்தார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைக்குப் போய்ப் பாருங்கள். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கம்பெனிப் படையை நொறுக்கிய கதை சுவர் முழுக்க இருக்கிறது. கம்பெனிப் படையின் தளபதி கர்னல் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடிப்பார். வெடிமருந்து வண்டி வெடிக்கும். வரிசை வரிசையாகக் குதிரைகள். நடுவில் திப்பு பூ முகர்ந்தபடி அமைதியாக வருவார்.

ஹோம் ஒரு நொடியைப் பிடித்தார் என்றால், இந்தச் சுவர் முழுப் போரையும் ஒரே பரப்பில் விரிக்கிறது. தூரத்தில் இருப்பவன் சிறியவன், கிட்டே இருப்பவன் பெரியவன் என்கிற கணக்கு இதில் இல்லை. யார் முக்கியமோ அவர் பெரியவர். இரண்டும் வரலாற்று ஓவியந்தான், இரண்டிலும் வரைந்தவர் ஒரு பக்கம் நிற்கிறார். இரண்டு அச்சுப் பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், நான் பேச வேண்டிய வேலை பாதி குறைந்துவிடுகிறது.

“ஹோம் திரும்பி ஊருக்குப் போயிட்டாரா?”

போகவில்லை. 1795-இல் கல்கத்தா போய் அங்கே பெயர்பெற்ற உருவப்பட ஓவியர் ஆனார். தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி, அவர் தம்பி ஆர்தர் இருவரையும் வரைந்தார், அந்த ஆர்தர்தான் பின்னால் வெலிங்டன் பிரபு. ஆசியச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். விலங்குகளையும் ஊர்வனவற்றையும் நூற்றுக்கணக்கில் வரைந்து வைத்தார். வரலாற்று ஓவியத்துக்குப் பெருமை அதிகம், வருமானம் அபூர்வம். வயிற்றைக் காப்பாற்றியது உருவப்படம்.

1814-இல் லக்னோ அரசவை ஓவியராகப் போனார். அங்கே நவாபாக இருந்த காஸியுத்தீன் ஹைதர் 1819-இல் அரசராக முடிசூட்டிக்கொண்டபோது கிரீடம், அரசச் சின்னங்கள், ரதம், படகு என்று பலவற்றுக்கும் வடிவம் வரைந்து கொடுத்தது ஹோம்தான். கடைசிக் காலத்தில் கான்பூரில் தங்கி 1834-இல் அங்கேயே இறந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் இந்தியாவில் இருந்துவிட்டார்.

“அந்தப் பசங்க அப்புறம் என்னானாங்க? வேலூருக்கு எப்ப வந்தாங்க?”

பிணையாகச் சென்னையில் வைத்திருந்தார்கள். திப்பு பணத்தைக் கட்டி முடித்ததும் 1794-இல் திருப்பி அனுப்பினார்கள். ஐந்து வருடம் அப்பாவோடு இருந்தார்கள். 1799-இல் கோட்டை விழுந்த அன்று அரண்மனைக்குள் ஆங்கில அதிகாரிகளை எதிர்கொண்டவர்களில் மொய்சுதீனும் ஒருவர். அதன் பிறகு திப்புவின் குடும்பத்தையே வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் திப்பு மஹால், ஹைதர் மஹால், பேகம் மஹால் என்று சொல்கிற கட்டடங்களில் அவர்கள் இருந்தார்கள்.

1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். மறுநாள் விடிவதற்கு முன் கோட்டையிலிருந்த கம்பெனிச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், தாடியும் நெற்றிக் குறியும் கூடாது என்கிற உத்தரவு, இவைதான் உடனடிக் காரணம். திப்புவின் கொடி ஏறியது, மூத்த மகன் ஃபத்தே ஹைதரை அரசர் என்றார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்கிற ஆங்கில அதிகாரி குதிரைப்படையோடு வந்து சில மணி நேரத்தில் இரத்தத்தில் அடக்கினார். சிப்பாய்களைத் தூண்டியதாக விசாரணையில் மொய்சுதீன் பெயரும் அடிபட்டது. கூடாரத்தின் முன் கைபிடித்து நின்ற எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்புறம் இளவரசர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பத்துப் பெண்கள் சிலரின் சமாதிகள் இன்றும் வேலூரில் இருக்கின்றன.

“லண்டனுக்கெல்லாம் போக முடியாது. இங்க எங்கயாவது பார்க்கலாமா?”

மூல ஓவியம் லண்டனில் செல்சீயிலுள்ள தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் சென்னையில் ஒன்று உண்டு. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தைப் பாருங்கள். தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. அதே பிணைக்காட்சி பளிங்கில் புடைப்புச் சிற்பமாக இருக்கும். சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள், குனிந்து பாருங்கள். ஹோம் வரைந்த உருவப்படங்களைப் பார்க்க கொல்கத்தா விக்டோரியா நினைவகத்துக்குப் போகலாம்.

“நம்மை அடிமைப்படுத்தினவங்க வரைஞ்சதை நாம ஏன் சார் பார்க்கணும்?”

இது ஒரு பெரியவர் கோபமாகக் கேட்டது. அவர் கோபம் நியாயமானது. நான் சொன்னது இதுதான்: ஐயா, இதைக் கொண்டாடச் சொல்லவில்லை. ஆனால் இந்த மதில்களுக்குள் ஏழு வருடம் அடைபட்டிருந்த பிள்ளைகளைச் சிறுவர்களாக நேரில் பார்த்து வரைந்த மனிதர் இவர். தன் எஜமானர்களை மகிழ்விக்க வரைந்தாலும், அந்த முகங்களை வரையும்போது அவர் கண் பிள்ளைகள்மேல்தான் இருந்திருக்கும். எதிர்தரப்புச் சாட்சி சொல்வதிலும் நமக்கு வேண்டியது கிடைக்கும், யார் சொல்கிறார் என்று மறக்காமல் கேட்டால் போதும். பெரியவர் பிரதியை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“நாங்க 1806-ஐ வரையணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?”

கோட்டையிலிருந்து. முதலில் கதையை விட்டுவிட்டு மதிலையும் அகழித் தண்ணீரில் விழும் அதன் நிழலையும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை வரையுங்கள். கல்லின் அளவு கைக்குப் பழகட்டும். பிறகு வீட்டில் ஒருவரைத் தலைப்பாகை கட்டி உட்காரவைத்து முகம் எடுங்கள். ஹோம் செய்த அதே முறைதான், மேலே எழுதியிருக்கிறேன். கடைசியில் நொடியைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் துப்பாக்கியும் புகையும் வரையத்தான் ஓடுவார்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி அப்படிச் செய்யவில்லை. கல்யாண இரவில், விளக்குகளை விட்டு விலகி மதில் ஓரம் தனியாக நிற்கும் ஓர் இளைஞனை வரைந்தாள். அவன் உள்ளங்கையில் ஒரு தங்கக் கடிகாரம். முள் எந்த மணியில் இருக்க வேண்டும் என்று என்னிடம் வந்து கேட்டாள். முதல் துப்பாக்கி வெடித்தது இரவு இரண்டு மணிக்குப் பிறகு, அதற்குக் கொஞ்சம் முன்னால் வை என்றேன்.